கணக்கில் சேராத ரத்தம்

அந்த லேபில் ஒன்பது வருஷமாக ரத்தம் எடுக்கிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. ஊசியைக் குத்துவதற்கு முன்னால் "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்வது அவள் வழக்கம். பிறந்து பத்து நாளான குழந்தையிடமும் அதைத்தான் சொல்வாள், தொண்ணூறு வயசுக் கிழவரிடமும் அதைத்தான் சொல்வாள். அதனால் எறும்பு என்றே பேர் நிலைத்துவிட்டது. வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர்களே, "ரெண்டாம் நம்பர் ரூமுக்குப் போங்க, எறும்பு எடுப்பாங்க" என்று அனுப்பிவைப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிஷம் முழிப்பார்கள்.

அவள் கை ராசியான கை. நரம்பே தென்படாத தடித்த கை, ஊசி குத்திக் குத்திச் செத்துப்போன கை, பயத்தில் சுருண்டுகொண்ட பிள்ளைக் கை என்று மற்றவர்கள் கைவிட்டதெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வரும். ரப்பர் பட்டையைக் கட்டி, இரண்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்பாள். கண்ணால் தேடமாட்டாள். விரலுக்கு அகப்பட்டதும் ஒரே குத்து. ஒன்பது வருஷத்தில் தன் கை நடுங்கி அவள் பார்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கர்வம் இருந்தால் என்ன, வேலை தெரிந்தவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கப்போகிறது?

ரத்தம் டியூபில் ஏறிக்கொண்டிருக்கும்போது முக்கால்வாசிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "எல்லாம் நல்லா இருக்கும்ல?" அவளும் ஒரே பதிலைச் சொல்வாள். "நல்லாதான் இருக்கும்." அது பொய்யா என்றால் இல்லை. தெரியாததைச் சொல்வது பொய்யில் சேராது என்பது அவள் கட்சி. அடுத்தவர் ரத்தம் அவளைப் பயமுறுத்தியதே இல்லை. மூடியின் நிறம் பார்த்துத் தட்டில் அடுக்குவாள், கை கழுவுவாள், அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

அவளைப் பயம் பிடித்த கதை ஒரு மிஷினில் ஆரம்பிக்கிறது.

அந்த லேபில் ஒரு பழக்கம். புது மிஷின் வந்தால் நோயாளிகளின் ரத்தத்தை ஏற்றுவதற்கு முன்னால் வேலை செய்கிறவர்கள் தங்கள் ரத்தத்தைக் கொடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். கம்பெனி கொடுக்கும் பரிசோதனைத் திரவம் தனியாக இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் தெரிந்தவர் ரத்தம் என்றால் ஒரு தைரியம். யாருக்குச் சர்க்கரை இருக்கிறது, யாருக்கு ரத்தம் கம்மி என்பதெல்லாம் அவர்களுக்குள் ஊரறிந்த ரகசியம்தானே. மிஷின் சொல்வது அதோடு ஒத்துப்போனால் சரி. வந்த எண்களைச் சுவரில் ஒட்டி ஒருவரை ஒருவர் ஒரு வாரம் கிண்டல் அடிப்பார்கள்.

அந்தத் தடவை வந்தது ஹார்மோன் பார்க்கும் மிஷின். அதில் ஏ.எம்.ஹெச். என்று ஒரு பரிசோதனை உண்டு. ஒரு பெண்ணின் சினைப்பையில் இன்னும் எத்தனை கருமுட்டை கையிருப்பு இருக்கும் என்று ரத்தத்தை வைத்தே ஒரு கணிப்புச் சொல்லும். நான்கு பெண்கள் ரத்தம் கொடுத்தார்கள். மூன்று பேருக்கு வயசுக்கு ஏற்றபடி இரண்டு, மூன்று என்று எண் வந்தது. முப்பது வயசு எறும்புக்கு வந்தது சைபர் புள்ளி ஒன்று.

மிஷின் அறைக்குப் பொறுப்பாளர் ஒரு பெரியவர். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி என்று எப்போதும் இரண்டு வைத்திருப்பார் என்பதால் கண்ணாடி சார். அவர் திரும்ப ஓட்டினார். சைபர் புள்ளி ஒன்று இரண்டு. மறுபடி ரத்தம் எடுத்து மூன்றாவது தடவை ஓட்டினார். சைபர் புள்ளி சைபர் ஒன்பது.

"எறும்பு, மிஷின் உன்னைக் கிழவிங்குது" என்றார்.

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

வெளியாள் ஒருவர் அங்கே நின்றிருந்தால், மூன்று பேருக்குச் சரியாகச் சொன்ன மிஷின் நான்காவது ஆளுக்கு மட்டும் ஏன் தப்பாகச் சொல்லப்போகிறது என்று கேட்டிருப்பார். அங்கே இருந்தவர்களுக்கு அது தோன்றவில்லை. அவர்களுக்கு எறும்பைத் தெரியும். ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டவள் இல்லை. அவள் ரத்தத்தில் கோளாறு இருக்கும் என்பதைவிடப் பல லட்சம் பெறுமான மிஷினில் கோளாறு இருக்கும் என்பதுதான் அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அந்த டியூபில் ஏதோ சேரக்கூடாதது சேர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். மற்ற மூன்றை வைத்து மிஷினைப் பாஸ் பண்ணினார்கள். நான்காவது டியூபில் ஒட்ட ஒரு சீட்டு வேண்டியிருந்தது. "கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று அதை எழுதியவள் அவளேதான். அவள் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் மூடி கையிலிருக்க அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாதவிலக்கு மூன்று மாதமாக முன்னே பின்னே வந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி நாலு வருஷம். "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கிறவர்கள் கேட்டுக் கேட்டு, இப்போது கேட்காமல் வயிற்றை மட்டும் பார்க்கப் பழகியிருந்தார்கள். அந்த எண் பொய்யில்லை என்று அவள் அடிமனசு அன்றைக்கே சொன்னது. அவள் அதன் வாயை மூடினாள். மிஷின்தான் கெட்டது என்று எல்லாரும் சொல்லும்போது இவளுக்கு மட்டும் என்ன வந்தது?

இப்படியே எட்டு மாதம் போயிற்று. எட்டு மாதம். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்னையே அறையலாம் போலிருக்கும்.

எட்டாவது மாத வாக்கில் மாதவிலக்கு இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் தள்ளிப்போயிற்று. புருஷனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. அதிகம் பேசாத மனுஷன். அவரிடமும் சொல்லாமல் மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் அட்டை ஒன்று வாங்கி வந்து, லேபின் கழிவறையில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரே கோடு. இன்னொன்று வாங்கிப் பார்த்தாள். அதிலும் ஒரே கோடு. சந்தோஷம் வந்த வேகத்தில் திரும்பிப்போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளை இல்லை, மாதவிலக்கும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான், அந்தச் சைபர் புள்ளி ஒன்று.

மகப்பேறு டாக்டரம்மா அதே பரிசோதனையைத்தான் எழுதிக்கொடுத்தார். அதே மிஷினில்தான் ஓடியது. கண்ணாடி சார் காகிதத்தை எடுத்துக்கொண்டு ரெண்டாம் நம்பர் அறைக்கு அவரே வந்தார். இரண்டு கண்ணாடியையும் கழற்றியிருந்தார்.

"மிஷின் அன்னைக்கே சரியாத்தான் சொல்லிருக்கு, எறும்பு" என்றார். "என்னை மன்னிச்சுடும்மா."

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க? சீட்டு எழுதினது நான்தானே" என்றாள் அவள்.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னார். "பொண்ணு பொறக்கும்போதே மொத்த முட்டையோடதான் பொறக்கும். அப்புறம் புதுசா ஒண்ணும் சேராது. செலவுதான், வரவு கிடையாது. அது அம்பது வயசு வரைக்கும் வரணும். உங்களுக்கு இப்பவே தரை தட்டிடுச்சு. இதுக்கு ஜீன்ல காரணம் இருக்கலாம், அதுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க. குழந்தை வேணும்னா வேற ஒருத்தரோட முட்டையை வாங்கி வைக்கலாம். கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

இருந்தாள். ஒரு தங்கச்சி. இருபத்தேழு வயசு, கட்டட வரைபடம் போடும் வேலை, வாய் மட்டும் காது வரைக்கும். முப்பத்தைந்துக்கு முன்னால் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் எழுதி வாங்காத குறையாகச் சொல்லிவைத்திருந்தாள். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்பாவும் அவளும்தான் பழைய வீட்டில் இருந்தார்கள்.

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர். ஐம்பத்து நாலு வயசில் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு நடையில் ஒரு தள்ளாட்டம். கை நடுங்கி, நடை தள்ளாடினால் உலகம் அதற்கு ஒரே அர்த்தம்தான் வைத்திருக்கிறது. குடிக்கிறான். மூன்று மாதம் தினமும் காலையில், மற்ற டிரைவர்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வாயில் குழாயை வைத்து ஊதச் சொன்னார்கள். ஒரு நாள்கூட ஒன்றும் காட்டவில்லை. கிராம்பு மென்று மிஷினை ஏமாற்றுகிறார் என்றார்கள். கடைசியில் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு, டிப்போ வாசலில் பஸ் போகும் நேரத்தைக் குறிக்க உட்காரவைத்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன் குடிகாரப் பேரோடு ரிட்டையரானார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டாக்டரிடம் போனால் வயசு என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க அவரும் பழகிக்கொண்டார்.

தங்கச்சியிடம் விஷயத்தைச் சொல்ல எறும்பு தயங்கித் தயங்கிப் போனாள். இவள் பாதி சொல்வதற்குள் அவள் முடித்துவிட்டாள்.

"எடுத்துக்கோக்கா. இதுக்கா இவ்வளவு இழுத்த? எனக்கு அத்தனையும் சும்மாதானே கிடக்கு."

"ஊசி போடணும்டி. பத்துப் பன்னெண்டு நாள். வலிக்கும்."

"எறும்பு கடிச்ச மாதிரிதானே?"

"விளையாடாத."

"விளையாடல. குழந்தைக்கு என் மூக்கு வந்துட்டா மட்டும் என்னைத் திட்டக் கூடாது. அதை இப்பவே பேசிக்கணும்."

எறும்பு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தங்கச்சி மூக்கு கொஞ்சம் பெரிய மூக்குதான். அந்த மூக்கோடு ஒரு பிள்ளை வீட்டில் தவழ்வதை அவள் அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போதே பார்த்துவிட்டாள். புருஷன், "உனக்குச் சம்மதம்னா எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தானாகவே, "அவ மூக்கு நல்ல மூக்குதான்" என்றார். அவர் அளவுக்கு அது பெரிய பேச்சு.

ஜீன் பரிசோதனை முடிவு வர மூன்று வாரமானது. அதை விளக்கிச் சொல்ல ஆஸ்பத்திரியில் தனியாக ஒரு டாக்டர். சின்ன அறை, ஜன்னல் கிடையாது, மேஜையில் கண் துடைக்கும் காகிதப் பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அது சும்மா வைக்கிற பொருள் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா?

டாக்டர் ஒரு காகிதத்தில் ஆண்களுக்குக் கட்டமும் பெண்களுக்கு வட்டமும் போட்டுக் குடும்பத்தை வரைந்தார். பிறகு கேட்டார். "உங்க வீட்டுல யாருக்காவது கை நடுக்கம் இருக்கா? நடை தடுமாறுறது? அம்பது வயசுக்கு மேல ஆம்பளைங்க யாருக்காவது?"

அவள் பக்கத்தில் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர்தான் சொன்னார். "மாமாவுக்கு இருக்கு."

டாக்டர் பேனாவால் அப்பாவின் கட்டத்தைப் பாதி கறுப்பாக்கினார். அவர் பொறுமையாகச் சொன்னதில் அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான். எக்ஸ் குரோமோசோமில் ஒரு ஜீன். அதன் ஒரு இடத்தில் மூன்றே எழுத்து திரும்பத் திரும்ப வரும். சாதாரணமாக முப்பது தடவை வரும். அவளுக்கு எண்பத்தெட்டு தடவை வருகிறது. அப்படி நீண்டுபோனால் சில பெண்களுக்கு முட்டை சீக்கிரம் தீர்ந்துபோகும். சில ஆண்களுக்கு வயசான பிறகு கை நடுங்கும், நடை தள்ளாடும். அவள் வழியாகப் பிள்ளைக்குப் போகும்போது அது இருநூறைத் தாண்டி நீளலாம். அப்படி நீண்டால் பிள்ளையின் புத்தி வளர்ச்சியே பாதிக்கும்.

"அப்பாவுக்கு ஒரு டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிக்கலாம்" என்றார் டாக்டர். "ஆனா உங்க தங்கச்சியோட முட்டையை எடுக்கிறது வேண்டாம்."

"ஏன் டாக்டர்? அவளுக்கும் இருக்குமா?"

"அப்பாகிட்டருந்து வந்திருந்தா கண்டிப்பா இருக்கும். ஆம்பளைகிட்ட இருக்கிறது ஒரே எக்ஸ். பொறக்கிற எல்லாப் பொண்ணுக்கும் அதைத்தான் குடுத்தாகணும். குடுக்கிறதுக்கு வேற கிடையாது. அவங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்தேழு."

"இது இருந்தாலும் எல்லாருக்கும் முட்டை சீக்கிரம் தீராது. அஞ்சு பேர்ல ஒருத்தருக்குத்தான். ஆனா அந்த ஒருத்தர் யாருன்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. தள்ளிப்போடாம அவங்களைப் பாக்கச் சொல்லுங்க. இருப்பு இருக்கும்போதே முட்டையை எடுத்து உறைய வச்சுக்கலாம். தீந்துட்டா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

காகிதப் பெட்டி தீண்டப்படாமல் கிடந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. தனக்குப் பிள்ளையில்லை என்ற துக்கமெல்லாம் எங்கோ தூரத்தில் நின்றது. முப்பத்தைந்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கால் மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கிற அந்த வாயாடி முகம்தான் கண்ணெதிரில் நின்றது.

இனி அவள் செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. போய்த் தங்கச்சியிடம் சொல்ல வேண்டும். அப்பாவிடமும் சொல்ல வேண்டும். ஒரு பஸ் தூரம்தான். அந்த ஒரு பஸ் ஏற அவளுக்குப் பதினோரு நாளானது.

கோழை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவள் எதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். உன் தங்கம் போன்ற மனசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, உன் முட்டை எனக்கு ஆகாது என்று ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். உனக்கே மிச்சம் இருக்கிறதோ என்னவோ என்றும் அவளிடமே சொல்ல வேண்டும். இரண்டு பெண்களுக்கும் கேடு உங்களிடமிருந்துதான் வந்தது என்று, ஏற்கெனவே பாதி உடைந்த மனுஷனிடம் சொல்ல வேண்டும். தங்கச்சி போன் பண்ணுவாள். "எப்பக்கா ஊசி? லீவு சொல்லணும்ல?" இவள், "சொல்றேன்டி, இன்னும் ரிசல்ட் வரல" என்பாள். "எல்லாம் நல்லா இருக்கும்ல?" என்று அவள் கேட்பாள். "நல்லாதான் இருக்கும்" என்பாள் இவள். இந்தத் தடவை அது பொய். போனை வைத்த பிறகு, இன்றைக்கு ஒரு நாளில் அவளுக்கு எத்தனை முட்டை தீர்ந்திருக்கும் என்று கணக்குப் போடுவாள். அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. அதனாலேயே அது பெரிதாகிக்கொண்டே போனது.

பதினோராவது நாள் காலையில் ஒரு கிழவருக்கு நரம்பைத் தப்பவிட்டாள். ஊசி நுனி ஆடியது. மறுபடி குத்தினாள், மறுபடி தப்பியது. கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எறும்புன்னாங்க. இது தேளும்மா" என்றார். பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எடுத்தார்கள். அவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வலது கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தாள். நடுங்கியது. அது பயத்து நடுக்கமா, அப்பாவின் நடுக்கமா? பெண்களுக்கும் அபூர்வமாக வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு இருட்டே தேவைப்படவில்லை, ட்யூப்லைட் வெளிச்சத்தில் தன் கையையே பார்த்து அரண்டு நின்றாள்.

பாதி நாள் லீவு சொல்லிவிட்டு நேரே அப்பா வீட்டுக்குப் போனாள். தங்கச்சி வேலைக்குப் போயிருந்தாள். அப்பா மேஜை ஓரமாக உட்கார்ந்து சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் போய்ப் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு அப்படியே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். தன் முட்டை, எண்பத்தெட்டு, அவர் கை நடுக்கம், ஒரே எக்ஸ். எதையும் மழுப்பாமல் சொன்னாள். மழுப்பத் தெம்பில்லை.

அப்பா தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்தார்.

"அப்ப இது ஜீனால வந்ததா?" என்றார்.

"ஆமாப்பா. டெஸ்ட்ல உறுதியாத் தெரியும். ஆனா அதான்."

"குடியில்லைன்னு காகிதத்துல எழுதித் தருவாங்களா?"

"தருவாங்கப்பா."

அவர் முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்தது. எட்டு வருஷமாக அவர் காத்திருந்தது அது. வந்த வேகத்திலேயே அணைந்தும் போயிற்று. மற்றது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உனக்குப் பிள்ளை இல்லாததுக்குக் காரணம் நான்தானா? அவளுக்கும் நானா?"

"நீங்க வேணும்னா குடுத்தீங்க? வந்துச்சு, அவ்வளவுதான்ப்பா."

"நான் குடிகாரனாவே இருந்துட்டுப் போயிருக்கலாம்மா" என்றார் அப்பா. "அது என்னோட போயிருக்கும்."

அவள் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். நடுங்குவது யார் கை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவரே கையை விடுவித்துக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லப்பா. பயமா இருக்கு."

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"பதினோரு நாளா."

அப்பா அவளைத் திட்டியதே கிடையாது. அன்றைக்கு அவர் குரல் உயர்ந்தது. "பிரேக் பிடிக்கலைன்னு தெரிஞ்சு பதினோரு நாள் வண்டி ஓட்டியிருக்க. போன் போடு. இப்பவே வரச் சொல்லு."

தங்கச்சி ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஓடிவந்தாள். அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து வந்தவள், அவர் நன்றாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மூச்சு வாங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் எறும்பு சொல்ல ஆரம்பித்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு அந்த வாயாடி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அப்ப உனக்கு என்னால குடுக்க முடியாதா?"

எறும்புக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் கேட்டது, சின்னப் பிள்ளை குரல் மாதிரி.

"எனக்கு எவ்வளவு இருக்குக்கா?"

"தெரியலடி. பாக்கணும்."

"நல்லா இருக்கும்னு சொல்லேன். எல்லாருக்கும் சொல்வியே."

எறும்பு திரும்பினாள். "தெரியாதுடி" என்றாள். "நாளைக்குக் காலைல வா. நானே எடுக்கிறேன்."

மறுநாள் அப்பாவும் கூட வந்தார். அவருக்கும் ரத்தம் எடுத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று. தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். வேறு யாராவது எடுக்கட்டுமா என்று பக்கத்து அறையிலிருந்து கேட்டார்கள். எறும்பு வேண்டாம் என்றாள். முழங்கையை மேஜையில் அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்து, நடுக்கத்தை எங்கோ உள்ளே தள்ளிவிட்டு ஒரே குத்தில் எடுத்தாள். எறும்பு கடி என்ற பேச்சை எடுக்கவில்லை.

டியூபை அவளே மிஷின் அறைக்குக் கொண்டுபோனாள். கண்ணாடி சார் வாங்கி ஏற்றினார். இருபது நிமிஷம் ஆகும். அவள் நகரவில்லை. மிஷின் உள்ளே டக்டக்கென்று எதையோ தள்ளிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக எத்தனை பேரை வாசலில் இப்படி உட்காரவைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போயிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

திரையில் எண் வந்தது. இரண்டு புள்ளி மூன்று.

"இருக்கும்மா" என்றார் கண்ணாடி சார். "ரொம்ப அதிகம்னு சொல்லமாட்டேன். ஆனா இருக்கு. எடுத்து வச்சுக்க நேரம் இருக்கு."

அவள் திரையையே பார்த்தாள். "இல்ல சார். மிஷின்ல ஏதோ தப்பு."

"காலைலதானே கம்பெனித் திரவத்தை ஓட்டிப் பாத்தேன். சரியா இருக்கு."

"திரும்ப ஓட்டுங்க சார்."

ஓட்டினார். இரண்டு புள்ளி இரண்டு. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நல்ல எண்ணை நம்பி ஏமாறும் தெம்பு அவளிடம் மிச்சமில்லை. கம்பெனித் திரவம் ஏதோ ஒரு பாட்டிலில் வருகிறது, யார் கண்டார்கள்? ஒரே ஒரு ரத்தம்தான் இந்த அறையில் நிச்சயமாகத் தெரிந்த ரத்தம். அந்த ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதில் இனி யாருக்கும் சந்தேகமில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சட்டைக் கையை மடக்கினாள். "என் ரத்தத்தை எடுத்து ஓட்டுங்க சார்."

கண்ணாடி சார் அவளையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ரப்பர் பட்டையை எடுத்துக் கட்டினார். ரத்தம் எடுத்துப் பல வருஷமாகிவிட்ட கை, கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. டியூபில் ஒட்ட வழக்கம்போல ஒரு சீட்டை எடுத்தார். அதில் "எறும்பு" என்று மட்டும் எழுதினார்.

மறுபடி இருபது நிமிஷம். அவள் கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டாள். யாரிடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்றும் இல்லை என்று வரட்டும். எனக்கு ஒன்றும் இல்லை என்றே வரட்டும்.

சைபர் புள்ளி சைபர் எட்டு.

அவள் எழுந்து வெளியே வந்தாள். வாசல் பெஞ்சில் அப்பாவும் தங்கச்சியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் தங்கச்சி முகம் வெளுத்தது.

"ரெண்டு புள்ளி மூணுடி" என்றாள் எறும்பு. "இருக்கு. இந்த வாரமே டாக்டரம்மாவைப் பாத்துடலாம்."

"நிஜமா? மிஷின் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. என் ரத்தத்தையும் போட்டுப் பாத்துட்டேன்."

தங்கச்சி அவள் மடக்கிய கையைப் பார்த்தாள், அதில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். "உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"எனக்கும் சரியாத்தான் வந்துச்சு" என்றாள் எறும்பு.